புதுப்பிப்பு: வாராவாரம் நின்றுபோன ஜிமெயில் ஸ்கிரிப்ட்

கடலூர் முதுநகரில் ஒரு மொத்த மளிகைக் கடைக்காக, மெயிலில் வரும் ஆர்டர்களைப் படித்து ஷீட்டில் ஏற்றும் பைத்தான் ஸ்கிரிப்ட் வாரம் ஒருமுறை 'இன்வேலிட் கிராண்ட்' (அனுமதி செல்லாது) என்று நிற்கிறது எனக் கேட்டிருந்தேனே, தீர்ந்தது.

கோடில் கோளாறு இல்லை. கூகுள் கிளவுட் கன்சோலில் (ஆப்களைப் பதியும் கூகுள் தளம்) ஸ்கிரிப்டுக்காகப் பதிந்த ஆப் 'டெஸ்டிங்' (சோதனை) நிலையில் இருந்தால் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு (மறுபடி லாகின் கேட்காமல் மெயிலை அணுக விடும் சாவி) ஆயுள் 7 நாள்தான். 'இன் புரொடக்‌ஷன்' (பயன்பாட்டு நிலை) ஆக்கி, பழைய டோக்கன் கோப்பை அழித்துவிட்டு, கடைக்கார அண்ணனையே மறுபடி லாகின் பண்ணச் சொன்னேன். சரிபார்க்கப்படாத ஆப் என்று எச்சரிக்கை வந்ததும், "தம்பி, கணக்கு போயிடாதே?" என்றார். நம் ஆப்தானே, தாண்டலாம்.

சர்வீஸ் அக்கவுண்ட் (ஆள் லாகின் பண்ணாமல் ஸ்கிரிப்டே பயன்படுத்தும் கூகுள் கணக்கு) போடச் சொன்னவர்களுக்கு: சாதாரண ஜிமெயிலுக்கு அது எடுபடாது, வொர்க்ஸ்பேஸில் (நிறுவனங்களுக்கான கூகுள் சேவை), அதுவும் நிர்வாகி அனுமதித்தால்தான். என் ஸ்கிரிப்டுக்கு மெயிலைப் படிக்க மட்டுமே அனுமதி; அழிக்கும் அதிகாரம் எதற்கு? அண்ணன் பாஸ்வேர்டை மாற்றினால் டோக்கன் செத்துவிடும், அப்போது திரும்ப லாகின்.