1986 பத்மினி, கம்பெனி மெரூன் பெயின்ட்: உரிக்காம பளபளப்பு கொண்டுவர வழி என்ன?

பத்மினி86 (தண்டையார்பேட்டை):

வணக்கம். 1986 பிரீமியர் பத்மினி, சாலிட் மெரூன், ஓட்டம் 21,400 கி.மீ. ஷெட்டில் நிற்கும் வண்டி. கண்ணுக்குத் தெரிந்தவரை பெரும்பாலும் கம்பெனி பெயின்ட்தான்.

பானெட்டும் கூரையும் வெளுத்துப்போய், தடவினால் விரலில் சாயம் ஒட்டுகிறது. டிக்கி மூடியில் போர் தண்ணீர் காய்ந்த வட்டக் கறைகள். இடது கதவுகளில் ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள், கழுவினாலும் போகவில்லை. ட்யூப் லைட் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் மெல்லிய கீறல்.

பட்டறையில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, கம்பளி பேடில் மெஷின் ஓட்டி, மேலே செராமிக் கோட்டிங் அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். மறு பெயின்ட் அடிக்க விருப்பமில்லை. அக்டோபர் மழைக்கு முன் முடிக்க வேண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது?

யார்டு_பக்கம் (கொருக்குப்பேட்டை):

சார், மெஷினைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம். விரல்ல சாயம் ஒட்டுதுன்னா அது சிங்கிள் ஸ்டேஜ் பெயின்ட். மேல கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) கிடையாது, நிறமே வெளியில நிக்குது. வெயில்ல மேல் அடுக்கோட பிசின் செத்துப்போய், நிறப்பொடி மட்டும் தூளா மிச்சம் இருக்கு. பட்டறைக்காரர் அந்தத் தூளோட சேர்த்து நல்ல பெயின்டையும் அறுத்துடுவார், அதாவது தேய்ச்சு எடுத்துடுவார். கொஞ்ச நாள் மின்னும், ஆனா அறுத்தது திரும்ப வராது.

முதல்ல கழுவுறது. நம்ம ஏரியா தூசில நிலக்கரிச் சாம்பல், கன்டெய்னர் லாரி மண், கடல் உப்பு எல்லாம் கலந்திருக்கும். காய்ஞ்ச துணியால துடைச்சா ஒவ்வொரு துடைப்பும் ஒரு கீறல். உங்க ட்யூப் லைட் கீறல்ல பாதி இப்படித்தான் வந்திருக்கும். டீசல், மண்ணெண்ணெய்த் துணியும் வேண்டாம், அந்தப் பசை இன்னும் தூசியைப் பிடிச்சு வைக்கும்.

மெதுவா ஹோஸ் தண்ணி விட்டு 5 நிமிஷம் ஊற விடுங்க. பிரஷர் வாஷர் கிட்டவே போகக் கூடாது, துரு கிளம்பின இடத்துல பெயின்ட் செதிலா பறக்கும். ரெண்டு பக்கெட் வையுங்க, ஒண்ணுல பிஹெச் நியூட்ரல் ஷாம்பு, ஒண்ணுல வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் மிட்டால (கையுறை மாதிரி கழுவுற துணி) கூரையிலிருந்து கீழ வாங்க. ஒவ்வொரு பேனல் முடிஞ்சதும் மிட்டை வெறும் தண்ணியில அலசுங்க. டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குறது) வெச்சு போர் தண்ணியைப் பாருங்க. 300-க்கு மேல இருந்தா கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணியோ பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரோ கை ஸ்பிரேயர்ல 5 லிட்டர் போதும். வெயிலுக்கு முன்னாடி, காலை 8 மணிக்குள்ள முடிச்சிடுங்க.

ஆரஞ்சுப் புள்ளி ரயில் யார்டுலேந்து வர இரும்புத் தூள். பிரேக் ஷூ தேயும்போது பறந்து வந்து பெயின்ட்ல குத்தி, அங்கேயே துருப்பிடிக்கும். அயர்ன் ரிமூவரை முதல்ல கதவு உள்பக்க விளிம்புல கொஞ்சம் அடிச்சு, பெயின்ட் கலங்குதான்னு பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னா கதவுல அடிச்சு 3 நிமிஷம் விடுங்க, ஊதா நிறமா வடியும். காயவிடாம அலசிடுங்க. மிச்சத்துக்கு ஃபைன் கிளே பார் (ஒட்டின அழுக்கை இழுத்தெடுக்குற களிமண் மாதிரிக் கட்டி), ஷாம்புத் தண்ணி தாராளமா. கிளே கீழ விழுந்தா எடுத்துப் போட்டுடுங்க, ஒரு மணல் போதும் கதவு முழுக்க கோடு போட. வெளுத்த பானெட்ல கிளே போட வேண்டாம், அங்க இழுத்துப் பிடிச்சு கோடுதான் விழும்.

தண்ணிக் கறைக்கு வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. துணியை நனைச்சு கறை மேல ஒரு நிமிஷம் போட்டு, ஷாம்புத் தண்ணியில கழுவிடுங்க. அப்பவும் வட்டம் தெரிஞ்சா அது பெயின்டையே அரிச்சிருக்கு. அதைத் துரத்திக்கிட்டுப் போகாதீங்க.

மெஷின் தொடுறதுக்கு முன்னாடி பெயின்ட் கேஜ் (பெயின்டோட தடிமனை மைக்ரான்ல காட்டுற கருவி) வெச்சு அளந்து இங்க போடுங்க. கேஜ் வாடகைக்குக் கிடைக்குதான்னு ஜி.பி. ரோடு கடைகள்ல விசாரிங்க.

பத்மினி86:

நன்றி சார். கழுவி, கேஜ் வாங்கி அளந்தேன். கதவுகள் 105–120 மைக்ரான். பானெட் 90–100. கூரை நடுவில் 75–80. இடது பின் ஃபெண்டர் மட்டும் 260, கீழ்ப்பகுதியில் ஓரிடத்தில் 700. புள்ளிகள் போய்விட்டன.

டிங்கர்_வேலை (இராயபுரம்):

தம்பி, 260-ங்கறது மறு பெயின்ட். 700-க்குக் கீழ புட்டி இருக்கு. மத்ததெல்லாம் கம்பெனி. ஆனா 100 மைக்ரான்ல பிரைமரும் சேர்ந்திருக்கு, கலர் மட்டும் எவ்வளவுன்னு கேஜ் சொல்லாது. அதனால கூரையை மெஷின்ல தொடவே தொடாதே, கைவேலைதான். பாலிஷ் துணியில மெரூன் வர்றது சகஜம். சாம்பல் நிறமோ செங்காவியோ தெரிஞ்சா அது பிரைமர், அந்த நிமிஷமே நிறுத்திடு.

இந்த வண்டியில ஆபத்தான இடம் பின்பக்க ஃபின் உச்சி, வாட்டர் கட்டர் (கூரை ஓரத்து மழைத்தண்ணி வாய்க்கால்) விளிம்பு, பானெட் மடிப்பு. விளிம்புல பெயின்ட் எப்பவும் மெல்லிசு. கம்பளி பேடு போட்ட ரோட்டரி (ஒரே அச்சுல சுத்துற மெஷின்) அங்க ரெண்டு செகண்ட் நின்னா தகரம் தெரியும். மாஸ்கிங் டேப்பை விளிம்பை மூடி 2 மி.மீ. உள்ள வரைக்கும் ஒட்டு. ரப்பர் பீடிங்கையும் மூடிடு, பாலிஷ் பட்டு காய்ஞ்சா வெள்ளைக் கறை லேசுல போகாது. சைடு பட்டி கிளிப் ஓட்டையைச் சுத்தி குமிழ் இருந்தா, அது அடியில துரு. பாலிஷ் போட்டா ஓட்டை விழும், அதை விட்டுடு.

யார்டு_பக்கம்:

அண்ணன் சொன்னது சரி. இப்ப முக்கியமான வேலை: அறுக்குறதுக்கு முன்னாடி எண்ணெய் ஊட்டணும். மெகுவையர்ஸ் நம்பர் 7 கிளேஸ் (எண்ணெய் நிறைஞ்ச பாலிஷ்) இந்த வேலைக்குன்னே செஞ்ச மாதிரி. பாட்டிலை நல்லா குலுக்குங்க. டெர்ரி காட்டன் துணியில தாராளமா எடுத்து, பானெட்ல அழுத்தித் தேய்ங்க. துணி ரத்தம் மாதிரி சிவக்கும், அது செத்த பெயின்ட். துணியை மாத்தி மாத்தித் தேய்ங்க. கடைசியா ஒரு கனமான பூச்சு விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்க. காலையில மைக்ரோஃபைபரால துடைச்சிட்டு இன்னொரு தடவை. ரெண்டாவது தடவையிலேயே நிறம் இருண்டு ஆழமாகும். கூரைக்கு இது மட்டும் போதும், அப்புறம் வேக்ஸ்.

கதவு, பானெட், டிக்கிக்கு மட்டும் டிஏ பாலிஷர் (சுத்திக்கிட்டே அசையுற, ரோட்டரியை விட மென்மையான மெஷின்). 5 இஞ்ச் மெத்துன ஃபினிஷிங் ஃபோம் பேடு, மெகுவையர்ஸ் 205 மாதிரி ஃபைன் பாலிஷ். பட்டாணி அளவுல 4 சொட்டு. ஒன்றரை அடி சதுரம், வேகம் 4, மெஷினோட கனம் போதும். கை நொடிக்கு ஒரு இஞ்ச் நகரணும், குறுக்கும் நெடுக்குமா 4 தடவை. முதல்ல கதவுல ஒரு சதுரம் போட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. 60–70 சதவீதம் கீறல் போனா நிறுத்திடுங்க. ஆழமான கோட்டை விட்டுடுங்க, அதை எடுக்கணும்னா சுத்தி இருக்குற பெயின்டை அது ஆழத்துக்கு இறக்கணும்.

பேடு சிங்கிள் ஸ்டேஜ்ல சீக்கிரம் அடைச்சிக்கும். ஒவ்வொரு சதுரத்துக்கும் பிரஷ்ஷால சுத்தம் பண்ணுங்க, முழு வண்டிக்கு 4 பேடாவது வேணும். அடைச்ச பேடு சூடேறி பெயின்டை இழுக்கும். கையை வெச்சா சுடுற அளவு பேனல் சூடானா நிறுத்துங்க.

காத்துல_உப்பு (திருவொற்றியூர்):

செராமிக் பத்தி யாரும் சொல்லலை. இந்தப் பெயின்டுக்கு வேண்டாம். கோட்டிங் ஒட்டணும்னா ஆல்கஹால் வைப் போட்டு எண்ணெய் முழுக்க எடுக்கணும். நீங்க ராத்திரி முழுக்க ஊட்டுனது அங்கேயே போச்சு. நாளைக்கு கோட்டிங்ல தண்ணிக் கறை விழுந்தா அதை எடுக்கவும் அறுக்கத்தான் வேணும்.

கிளேஸ் தண்ணியில கழுவப்பட்டுப் போகும், அதனால மேல கார்னோபா (பனை மெழுகு) பேஸ்ட் வேக்ஸ் கட்டாயம். மெல்லிசா, கண்ணுக்குத் தெரியாத அளவு. நம்ம ஈரக்காத்துல டப்பாவுல போட்ட நேரத்துக்குக் காயாது. விரலால ஒரு கோடு இழுத்துப் பாருங்க, சுத்தமா வந்தா துடைக்கலாம். மறுநாள் ரெண்டாவது பூச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுங்க, மழைக்காலம் முடிஞ்சதும் கட்டாயம்.

குரோம் பம்பர்ல மேலோட்டமான துருவுக்கு அலுமினிய ஃபாயிலைக் கசக்கி தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, அப்புறம் வேக்ஸ். அலுமினியப் பட்டிகள்ல அதைச் செய்யாதீங்க, கோடு விழும்.

கதவு அடியில வடிகால் ஓட்டை அடைச்சிருக்கும், கேபிள் டையை விட்டு எடுங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உப்பு ஈரம் உள்ள நின்னு கதவு அடியிலேந்து குமிழ் கிளம்பும். ஷெட்டுக்குள்ள காட்டன் கவர். தூசியோட இருக்குற வண்டி மேல கவரை இழுக்காதீங்க. கழுவ நேரம் இல்லைன்னா அன்னைக்கு கவர் இல்லாமலே நிக்கட்டும்.

பத்மினி86:

சரி. இந்த வாரம் பானெட்டுக்கும் கூரைக்கும் கிளேஸ் மட்டும், அடுத்த வாரம் கதவில் சோதனைச் சதுரம். அந்த 260 மைக்ரான் ஃபெண்டரில் கொஞ்சம் கூடுதலாக அறுக்கலாமா?

டிங்கர்_வேலை:

வேண்டாம் தம்பி. மறு பெயின்ட் சரியா காயாம மெத்துன்னு இருக்கலாம், புட்டி மேல சூடு பட்டா ஓரம் தெரியும். பக்கத்துக் கதவு எவ்வளவு வருதோ அதே அளவோட நிறுத்து. ஒரு பக்கம் மட்டும் அதிகமா மின்னினா, மறு பெயின்ட்னு பார்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.