உபுண்டு ஃபோல்டர் விண்டோஸ்ல திறக்க மாட்டேங்குது, பாஸ்வேர்ட் கேட்டுட்டே இருக்கு

மழைத்துளி:
வணக்கம் நண்பர்களே, வீட்டு டெஸ்க்டாப்ல உபுண்டு லினக்ஸ், லேப்டாப்ல விண்டோஸ் 11, ரெண்டும் ஒரே வைஃபை. போட்டோ வீடியோ எல்லாம் டெஸ்க்டாப்லதான் கெடக்கு, ஒவ்வொரு தடவையும் பென்டிரைவ்ல ஏத்தி எறக்கி சலிச்சுப்போச்சு. ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி ஷேர் குடுத்தேன், சம்பாவும் (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குக் காட்டுற சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் ஆச்சு. ஆனா விண்டோஸ்ல நெட்வொர்க்ல போய் பார்த்தா உபுண்டு பேரே வரல, ஐபி நம்பரை நேரா அடிச்சா பாஸ்வேர்ட் கேக்குது, உபுண்டு லாகின் பாஸ்வேர்டைத்தான் போடறேன், தப்புங்குது. எஸ்எம்பி 1 (நெட்வொர்க்ல ஃபைல் ஷேர் பண்ற பழைய முறை) ஆன் பண்ணா சரியாயிடும்னு எங்கயோ படிச்சேன், பண்ணலாமா? அடுத்து ஒரு மேக் வேற வரப்போகுது.

நள்ளிரவு டெர்மினல்:
எஸ்எம்பி 1 பக்கமே போகாதீங்க. 2017ல வன்னாக்ரை ரான்சம்வேர் பரவுனதே அதுல இருந்த ஓட்டை வழியாதான், மைக்ரோசாஃப்டே அதை கழட்டிட்டு வர்றாங்க.
சம்பா தனக்குனு தனியா பாஸ்வேர்ட் வெச்சிருக்கும், உங்க லாகின் பாஸ்வேர்டை அது பார்க்கறதே இல்ல. டெர்மினல்ல sudo smbpasswd -a, அப்புறம் உங்க யூசர்நேம் அடிங்க, புது பாஸ்வேர்ட் ரெண்டு தடவை கேக்கும் (அடிக்கறப்ப ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது, ஹேங் ஆயிடுச்சுனு நெனைக்காதீங்க).
பேர் வராதது வேற கதை. லிஸ்ட்ல பேர் காட்டுற பழைய முறை எஸ்எம்பி 1ஓட போயிருச்சு, இப்ப உபுண்டுல டபிள்யூஎஸ்டிடி (wsdd) பேக்கேஜ் போட்டா வந்துரும். போடலன்னாலும் குடி முழுகிடாது, ஐபியை வெச்சே நெட்வொர்க் டிரைவா மேப் பண்ணிக்கலாம், ரவுட்டர்ல மட்டும் அந்த ஐபியை ரிசர்வ் பண்ணிடுங்க இல்லன்னா ஒருநாள் மாறிடும்.

சும்மா_ஒருத்தன்:
எதுக்கு ப்ரோ இவ்ளோ கஷ்டம், லோக்கல்சென்ட்னு ஃபைல் அனுப்பற ஆப் போடுங்க, விண்டோஸ் லினக்ஸ் மேக் மொபைல் எல்லாத்துலயும் ஓடும், இன்டர்நெட் கூட வேணாம்.

நள்ளிரவு டெர்மினல்:
நாலு போட்டோ அனுப்ப அது ஓகே. இவரு கேக்கறது அங்க இருக்கற வீடியோவை காப்பி பண்ணாம இங்கேர்ந்தே ஓட்டறதுக்கு, அதுக்கு ஷேர்தான் சரிப்படும்.

மழைத்துளி:
திறந்துருச்சு, ரொம்ப நன்றிங்க! ஆனா லேப்டாப்லேர்ந்து புதுசா எதையும் அதுல சேவ் பண்ண முடியல, பர்மிஷன் இல்லைங்குது.

நள்ளிரவு டெர்மினல்:
ஷேர் குடுத்த அதே விண்டோல மத்தவங்க ஃபைல் உருவாக்க, அழிக்க விடலாமான்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அதைப் போடுங்க. அதுக்கப்புறமும் வரலன்னா ஃபோல்டரோட லினக்ஸ் பர்மிஷனைப் பாருங்க, சம்பா விட்டாலும் லினக்ஸ் விடலன்னா எழுத முடியாது.
மேக் வந்தா கவலை இல்ல, ஃபைண்டர்ல கமாண்ட் கே அழுத்தி எஸ்எம்பி அட்ரஸ் (smb:// போட்டு உபுண்டு ஐபி) அடிச்சா இதே பாஸ்வேர்ட் போதும். மேக்ல இருக்கறதை விண்டோஸ்ல பார்க்கணும்னா மட்டும் ஃபைல் ஷேரிங் ஆப்ஷன்ஸ்குள்ள போய் விண்டோஸ் ஷேரிங்குக்கு உங்க அக்கவுண்டை டிக் பண்ணணும், பலபேர் அங்கதான் மாட்டிக்கறாங்க.
அப்புறம் உபுண்டுல ஃபைல் பேர்ல கேள்விக்குறி, கோலன் எல்லாம் இருந்தா மாத்திடுங்க, விண்டோஸ் அதை ஏத்துக்காது, பேர் கன்னாபின்னான்னு தெரியும்.