கேட்பதற்கு மட்டும்: தனி மியூசிக் பிளேயரா, போனும் டாங்கிளுமா?

ஆலாபனை:
பாட்டுக் கேட்க மட்டும் ஒரு கருவி வேண்டும். பதிவு செய்யும் வேலையே இல்லை. கைவசம் 180 ஜிபி இருக்கிறது, பாதி ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு), மீதி எம்பி3. பெரும்பகுதி கச்சேரிப் பதிவுகள், கொஞ்சம் பழைய சினிமாப் பாட்டு, தலைப்பெல்லாம் தமிழில். வயர் இயர்போன்: 16 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபெல். பட்ஜெட் 18,000 ரூபாய். தனி பிளேயர் வாங்கலாமா, இருக்கிற ஆண்ட்ராய்டு போனில் டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகி இயர்போனை இணைக்கும் சின்னக் கருவி) செருகினால் போதுமா? கையடக்க ரெக்கார்டர் வாங்கி அதிலேயே கேட்கலாம் என்றும் ஒரு யோசனை.

கம்பிவழி:
ரெக்கார்டரை முதல்ல விட்டுடுங்க சார். அதுல நீங்க கொடுக்கிற காசு மைக்குக்கும் மைக் ப்ரீஆம்புக்கும் போகுது. உதாரணத்துக்கு ஜூம் எச்1என்: 32 ஜிபி கார்டு வரைக்கும்தான் எடுக்கும், வேவ், எம்பி3 ரெண்டுதான் பாடும். உங்க ஃப்ளாக் பாதி வெளியிலேயே நிக்கும்.

தனி பிளேயரும் வேண்டாம். உங்க இயர்போன்ல உச்சமான இடங்கள் 110 டெசிபெல் தொட சுமார் 3.2 மில்லிவாட் போதும். 16 ஓம்ல அது 0.23 வோல்ட். ஆப்பிளோட யுஎஸ்பி-சி டாங்கிள் 1 வோல்ட் தருது (ஐரோப்பாவில் விக்கிற வகை பாதிதான்). நாலு மடங்குக்கு மேல கையில இருக்கு. சோனி வாக்மேன் என்டபிள்யூ-ஏ306 என்ன தருது? 16 ஓம்ல ஒரு காதுக்கு 35 மில்லிவாட், அதாவது 0.75 வோல்ட். விரல் அளவு டாங்கிளை விடக் குறைவு, விலையோ பல மடங்கு.

தனிப்பெட்டி:
வோல்ட் கணக்கு சரி. ஆனால் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு ஆப்பிள் டாங்கிளைச் சொல்கிறீர்களே! பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்த டாங்கிளின் உள் வால்யூம் முழுதாகத் திறப்பதில்லை. போனில் வால்யூமைக் கடைசி வரை ஏற்றினாலும் சத்தம் பாதியில் நிற்கும். யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி டாங்கிளோடு நேராகப் பேசும் செயலி போட்டால் திறக்கும். அது காசு கொடுத்து வாங்கும் செயலி, திறப்பதும் அதற்குள் மட்டும். மற்ற செயலிகளில் சத்தம் பழையபடி குறைவுதான்.

இரண்டாவது, ஆண்ட்ராய்டில் செயலிகளின் ஒலியைச் சேர்த்து அனுப்பும் பகுதி பொதுவாக எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகளுக்கு, மாற்றும். சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் 44.1. மாற்றாமல் அனுப்பும் வழி ஆண்ட்ராய்டு 14-ல் வந்துவிட்டது, ஆனால் போன் தயாரிப்பாளரும் செயலியும் இரண்டு பேருமே அதை ஏற்றிருக்க வேண்டும். மூன்றாவது, போனில் இருப்பது ஒரே துளை. டாங்கிள் செருகியிருக்கும்போது சார்ஜ் ஏறாது.

கம்பிவழி:
ஆப்பிள் டாங்கிளோட ஆண்ட்ராய்டு சிக்கல் உண்மைதான். வேற கம்பெனி டாங்கிள் வாங்கினா அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. தனி வால்யூம் பொத்தான் வச்சதா பாருங்க, இன்னும் வசதி. சார்ஜ் விஷயமும் நியாயம்.

ஆனா 44.1-லிருந்து 48-க்கு மாத்துறதைக் காட்டி 18,000 ரூபாய் செலவழிக்கச் சொல்றதை ஏத்துக்க முடியாது. இன்னைக்கு இருக்கிற மாற்று முறைகள்ல விழுற பிழை, கச்சேரிப் பதிவுல அரங்கத்து இரைச்சலுக்கு ரொம்பக் கீழே கிடக்கும். காதுக்குத் தெரியற வித்தியாசம் வேற இடத்துல இருக்கு: அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது கருவியோட வெளியீட்டுலயே இருக்கிற மின் தடை. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (உள்ளே சின்ன நாக்கு அசைஞ்சு ஒலி தர்ற வகை) இயர்போன் சிலதுல இம்பீடன்ஸ் ஒரு அதிர்வெண்ல 8 ஓம், இன்னொண்ணுல 40 ஓம்னு ஏறி இறங்கும். கருவியோட இம்பீடன்ஸ் 10 ஓம்னா அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல 5 டெசிபெல் கோணல் வரும். 1 ஓம்னா ஒரு டெசிபெல் கூட இல்லை. பிளேயரோ டாங்கிளோ, இந்த எண்ணை கம்பெனி வெளியிடலைன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. சிப் பேரை விட இதுதான் முக்கியம்.

பழைய_சக்கரம்:
ஐபாட் கிளாசிக்கை யாரும் சொல்லவில்லையே. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஐஃப்ளாஷ் பலகையில் எஸ்டி கார்டு போட்டால் கைக்கு அடக்கம், திரையைப் பார்க்காமல் முன்பக்கச் சக்கரத்தில் விரலாலேயே பாட்டு மாற்றலாம். ஆப்பிளுடையதற்குப் பதிலாக ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் ஃப்ளாக்கும் பாடும்.

தனிப்பெட்டி:
சக்கரத்துக்கு இணை இன்னும் வரவில்லை என்பதை மறுக்கவே மாட்டேன். ஆனால் கிளாசிக்கின் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இன்று கிடைப்பதெல்லாம் பழைய பேட்டரி. உலோக உறையைக் கிளிப்புகள் கவ்வியிருக்கும், திறக்கும்போது விளிம்பு வளைந்துவிடும். திறந்துதான் ஆகவேண்டும் என்றால் ஐந்தாம் தலைமுறை, அதாவது 2005, 2006 வருட ஐபாட் எளிது. கிளாசிக்கிலும் 2009-க்கு முந்தையவற்றில் ஆப்பிளின் மென்பொருள் கார்டில் 128 ஜிபிக்கு மேல் பார்க்காது. ஸ்பட்ஜர் (உறையை நெம்பித் திறக்கும் கருவி) பழக்கம் உள்ளவருக்கு அருமையான பொருள். ஆலாபனை கேட்டது அது இல்லை.

அவருடைய கேள்வியில் எல்லோரும் தாண்டிப்போனது "கச்சேரிப் பதிவுகள்", "தலைப்பெல்லாம் தமிழில்" என்ற இரண்டும். ராகம் தானம் பல்லவியை மூன்று கோப்பாக வெட்டியிருந்தால் தம்புரா ஒலி அறாமல் போகவேண்டும். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் முன்னும் பின்னும் வெற்று மாதிரிகள் சேரும். எம்பி3யின் ஒரு சட்டகம் (ஒலித் துண்டு) 1152 மாதிரி, 44.1-ல் சுமார் 26 மில்லிநொடி. எம்பி3 ஆக்கும் மென்பொருளான லேம் என்கோடர், எவ்வளவு சேர்த்தது என்று கோப்பின் தொடக்கத்தில் குறித்துவைக்கிறது, பிளேயர் அதைப் படித்து வெட்ட வேண்டும். வெட்டாத பிளேயரில் சுருதி ஒரு கணம் அறுந்து "டிக்" என்று கேட்கும். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஃப்ளாக்கில் இந்த வெற்றிடமே கிடையாது, அங்கேயும் இடைவெளி விழுந்தால் குற்றம் முழுக்கப் பிளேயருடையது.

கம்பிவழி:
தமிழ் தலைப்பு விஷயத்துல நீங்க என் பக்கம்தான் வாதாடறீங்க! ஆண்ட்ராய்டு இல்லாத சின்ன பிளேயர் பலதுல தமிழ் எழுத்தைக் கோக்கிற இயந்திரமே இருக்காது. கொம்பும் காலும் எழுத்துக்கு ரெண்டு பக்கமும் வராம, பின்னாடி புள்ளி வட்டத்தோட தொங்கும். சிலதுல வெறும் கட்டம். போன்ல இந்தத் தொல்லை கிடையாது. மியூசிகோலெட்னு ஒரு பாட்டுச் செயலி இலவசம், இணையமே கேக்காது. ஒண்ணு மட்டும் செய்யணும்: போன் செட்டிங்ஸ்ல அந்தச் செயலிக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துடுங்க. இல்லைன்னா திரை அணைஞ்சு கொஞ்ச நேரத்துல பாட்டை போனே கொன்னுடும்.

தனிப்பெட்டி:
அதனால்தான் பொத்தான் வைத்த மலிவுப் பிளேயரை நான் சொல்லவில்லை. ஃபியோ ஜேஎம்21 என்ற தனி பிளேயரில் ஓடுவது ஆண்ட்ராய்டு 13. தமிழ் ஒழுங்காக வரும், நீங்கள் சொல்லும் அதே செயலி அதிலும் ஏறும், கார்டு துளை உண்டு. இவருடைய பட்ஜெட்டை ஒட்டி வரும். போன் அழைப்பு பாதி ஆலாபனையில் குறுக்கிடாது. போனின் பேட்டரி யுபிஐக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் மிஞ்சும். ஒலித் தரத்தை விட எனக்கு இந்தப் பிரிவினைதான் பெரிய காரணம்.

கம்பிவழி:
அந்த ஆண்ட்ராய்டு பழசாகும்போது? பிளேயர் கம்பெனிகள் அடுத்த பதிப்பு கொடுக்கிறது அபூர்வம். சில வருஷத்துல ஸ்ட்ரீமிங் செயலிகள் ஆதரவை நிறுத்தும்.

தனிப்பெட்டி:
ஸ்ட்ரீமிங்கை நம்பி வாங்குபவருக்கு அது பெரிய குறை, ஒப்புக்கொள்கிறேன். கார்டில் 180 ஜிபி சொந்தமாக வைத்திருப்பவரைத் தொடாது.

ஆலாபனை:
இருவருக்கும் நன்றி. சில பிளேயர்களில் உள்ள 4.4 மி.மீ. இயர்போன் துளை எனக்குத் தேவைப்படுமா? கார்டு எவ்வளவு வாங்குவது?

கம்பிவழி:
4.4 வேண்டாம் சார். அந்தத் துளையில வர்ற பேலன்ஸ்டு அவுட்புட் ஏறக்குறைய ரெட்டிப்பு வோல்ட் தரும், உங்களுக்கு வேண்டியது 0.23. நாளைக்கு 300 ஓம், 100 டெசிபெல் ஹெட்போன் வாங்கினா 110 தொட 1.73 வோல்ட் வேணும், அப்போ பேசலாம். இந்த 110-ம் நொடிப்பொழுது உச்சத்துக்கான கணக்குதான். தொடர்ந்து கேக்கிறதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம்.

தனிப்பெட்டி:
256 ஜிபி வாங்குங்கள். கணினி அதை 238 என்று காட்டும், அது குறையில்லை. வந்தவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டி முழு கார்டையும் எழுதிப் படித்துப் பாருங்கள். போலிக் கார்டுகள் 256 என்று சொல்லிவிட்டு 32-ஐத் தாண்டியதும் பழைய கோப்பின் மேலேயே எழுதும். பாட்டு ஏற்றிய பிறகு கண்டுபிடித்தால் எது போனது என்றே தெரியாது. அட்டைப்படங்களை 500க்கு 500, சாதாரண ஜேபெக்காக வையுங்கள். ப்ராக்ரெஸிவ் ஜேபெக் (படிப்படியாகத் தெளிவாகும் வகை) பல பிளேயர்களில் திறக்காது.

எதை வாங்கினாலும் கடையில் மூன்று கோப்பு போட்டுப் பாருங்கள். "கேதாரகௌளை" என்று ஒன்று, "தோடி" என்று ஒன்று: கொம்பு, கால், ஐகாரம், ஔகாரம் எல்லாம் இந்த இரண்டிலேயே வந்துவிடும். மூன்றாவது, தம்புரா மட்டும் ஒலிக்கும் ஒரு பதிவு. அதை முதலில் இரண்டாக வெட்டி, லேமில் எம்பி3 ஆக்கி, அடுத்தடுத்து ஓடவிட்டு, வெட்டிய இடத்தில் காதை வையுங்கள். டாங்கிளுக்கும் இதே சோதனைதான், உங்கள் போனையே கையோடு எடுத்துப்போங்கள்.