முதலில் கேட்டது "எப்போ?"

இரவுப்பறவை:

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

ஆணுறை கிழிந்தது சனிக்கிழமை இரவு. ஞாயிறு முழுக்க எச்ஐவி அறிகுறிகளைப் படித்துப் படித்து, இல்லாத தொண்டை வலியை வரவழைத்துக்கொண்டேன். திங்கள் ஒன்றும் நடக்காதவன் மாதிரி வேலைக்குப் போனேன். கிளினிக் படியேறியது செவ்வாய் மதியம்தான்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, டோக்கன் எண் மட்டும்தான். ஒரு நர்ஸ் ஒவ்வொரு நாற்காலியாக நின்று, காதோரம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். "எப்போ நடந்தது?" நான் நாளைச் சொன்னேன், அவர் மணியைக் கேட்டார். இரவு பதினொன்று என்றதும் மனசுக்குள் கூட்டி, "அறுபத்து மூணு மணி நேரம். எழுந்து வாங்க" என்று எனக்கு முன்னால் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டி உள்ளே கூட்டிப் போனார்.

பெப் என்பது இப்படி நடந்த பிறகு எச்ஐவி தொற்றாமல் தடுக்க எடுக்கும் மருந்து, அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் அவ்வளவு நல்லது என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. வைரஸ் உடம்பில் வேரூன்றுவதற்குள் மருந்து போய்ச் சேர வேண்டுமாம். நானோ இரண்டு நாளைத் தொண்டை வலிக்கே செலவழித்திருந்தேன்.

யாரோடு, ஏன் என்று கேட்பார்கள் என்று ஒரு கதையைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. எந்த வகை உறவு, எதிரில் இருந்தவர் எச்ஐவி சிகிச்சையில் இருப்பவரா, எனக்கு வேறு மருந்து ஏதாவது ஓடுகிறதா, அவ்வளவுதான். ரத்தம் எடுத்தார்கள். எச்ஐவி, சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் (மேகப் புண்) எல்லாவற்றுக்கும் சேர்த்து. "இன்னிக்கு வர்ற ரிசல்ட் சனிக்கிழமையைப் பத்தி ஒண்ணும் சொல்லாது, ஏற்கெனவே இருந்ததைத்தான் சொல்லும்" என்றார் ஆலோசகர். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினேன். மொத்தம் 28 நாள். முதல் வாரம் குமட்டல், அப்புறம் பழகிவிட்டது.

கடைசிப் பரிசோதனையும் நெகட்டிவ் என்று தெரிந்ததும் எழுந்து நன்றி சொன்னேன். ஆலோசகர் உட்காரச் சொன்னார். "போன ஒரு வருஷத்துல இப்படி எத்தனை தடவை பயந்திருப்பீங்க?" நான்கு. "அப்போ பிரெப் பத்திப் பேசிடுவோம்" என்றார். எச்ஐவி தொற்றாமலிருக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மருந்து அது. அந்த மேசையில் நான் அதிக நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

லேப்காரன்:

இப்படியொரு கிளினிக்கில்தான் வேலை பார்க்கிறேன். "இன்னிக்கு ரிசல்ட்" விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கத்தான் எங்களுக்குப் பாதி நாள் போகிறது.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தம் பெரும்பாலும் ஆன்டிபாடியை, அதாவது வைரஸுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் காட்டும். அது உருவாக 90 நாள் வரை ஆகலாம். நரம்பிலிருந்து எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை வைரஸின் பி24 புரதத்தையும் பிடிக்கும், அதற்கு 45 நாள் போதும். ஒருவர் வாராவாரம் வருவார். ஐந்து நெகட்டிவ் பார்த்தும் நம்பவில்லை. கடைசியில் ஒரு சீட்டில் ஒரே ஒரு தேதியை எழுதிக் கொடுத்து, இதற்கு முன்னால் வராதீர்கள் என்றேன். சரியாக அந்தத் தேதியில், கதவு திறக்கும்போதே நின்றிருந்தார். நெகட்டிவ். இந்த முறை நம்பினார்.

பரிசோதனை கிட்டில் எங்கள் கண் முதலில் போவது "சி" கோட்டுக்கு, கிட் வேலை செய்கிறதா என்று காட்டுவது அதுதான். அது விழாவிட்டால் மற்றது எப்படி இருந்தாலும் அந்த கிட் செல்லாது. முடிவைக் காட்டும் "டி" கோடு மங்கலாக விழுந்தாலும் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்றுதான் எழுதுவோம். ஆனால் வேறு வேறு கிட்டுகளில் உறுதியாகும் வரை இங்கே யாரும் "பாசிட்டிவ்" என்று வாயைத் திறக்க மாட்டோம். ஒருவர் வீட்டிலேயே சுயபரிசோதனை செய்து, நெகட்டிவ் என்று குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் காலை அதை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறார். காய்ந்து போன கிட்டில் லேசாக ஒரு கோடு! ஓடி வந்தார். கிட் உறையில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அதற்குள் பார்ப்பதுதான் கணக்கு. மறுநாள் தெரிகிற கோட்டுக்கு அர்த்தமில்லை.

இருவரில் ஒருத்தி:

எனக்குக் கோடு பளிச்சென்றே விழுந்தது. அடுத்தடுத்த பரிசோதனைகளிலும் அதேதான். என்னிடம் "எப்போ" என்று யாரும் கேட்கவில்லை. "இன்னிக்கு வீட்டுக்கு எப்படிப் போவீங்க? அங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்கள். அன்றே மருந்து தொடங்கலாம் என்றார்கள், எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது. மறுநாள் தொடங்கினேன்.

கணவருக்கு நெகட்டிவ். என் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, இறங்கும் வரை அவர் பிரெப் எடுத்தார். ஆறு மாதம் கழித்து அது அளவிட முடியாத அளவுக்குக் குறைந்த நிலைக்கு வந்தது. இந்த நிலையில் உடலுறவு வழியாகப் பரவாது என்று டாக்டர் சொன்னபோது ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். 2016, 2019 ஆண்டுகளில் வெளியான பார்ட்னர் ஆய்வுகளை எடுத்துக் காட்டினார். ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக்கொண்ட நூற்றுக்கணக்கான ஜோடிகளில், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாத இன்னொரு மருத்துவமனையில், என் ஃபைலை கவுண்டரிலிருந்தே சத்தமாகப் படித்தார்கள். அங்கே திரும்பப் போகவில்லை.

காலாண்டுக்காரன்:

பிரெப் எடுப்பவன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்ஐவி பரிசோதனை செய்த பிறகுதான் அடுத்த மாத்திரை. வெட்டை நோயை (கொனோரியா), மேகப் புண்ணை இது தடுக்காது, அதனால் தொண்டை, ஆசனவாயில் பஞ்சுக்குச்சியால் தொட்டு ஸ்வாபும் எடுப்பார்கள். எனக்கு ஒரு தடவை அறிகுறியே இல்லாமல் தொண்டையில் வெட்டை இருந்தது அப்படித்தான் தெரிந்தது. பிரெப்பாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகபாவிர் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2025இல் பரிந்துரைத்திருக்கிறது. எங்கள் கிளினிக்குக்கு வந்தால் முதல் டோக்கன் எனக்கு.

புதுசு:

இரவுப்பறவை, எனக்கு 80 மணி நேரம் ஆகிவிட்டது. இனிமேல் போய் என்ன செய்ய?

இரவுப்பறவை:

போங்க. பெப் கிடைக்காமல் போகலாம். ஆனால் எந்தத் தேதியில் எந்தப் பரிசோதனை என்று குறித்துக் கொடுப்பார்கள், மற்ற தொற்றுகளையும் பார்ப்பார்கள். கதை எதுவும் தயார் செய்ய வேண்டாம். மணியை மட்டும் சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.