ஹைட்ரோகுளோரிக் அமில மின்னாற்பகுப்பு: குளோரின் அளவு குறைகிறது, உதவுங்கள்

வணக்கம். பத்தாம் வகுப்புக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுமே இருப்பதை மின்னாற்பகுப்பில், அதாவது மின்சாரம் செலுத்திப் பிரித்து, செய்து காட்ட விரும்புகிறேன். எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே நம்பினார். இதில் இல்லை என்று 1810-இல் ஆங்கில வேதியியலாளர் டேவி சொன்னார். அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

பழைய டார்ச் செல்லின் கார்பன் தண்டுகள், 12 வோல்ட் மின்சாரம், ஜன்னலோர மேசை. எதிர்மின்வாயில் 10 மி.லி. ஹைட்ரஜன் சேர்ந்தது, தீக்குச்சி காட்டியதும் 'டப்' என்று வெடித்தது. நேர்மின்வாயில் 3 மி.லி.கூட இல்லை! வாயு குளோரின்தான், ஈர நீல லிட்மஸ் சிவந்து, அப்புறம் வெளுத்துவிட்டது. ஆனால் இரண்டும் சம அளவு வர வேண்டுமே.

குளோரின் நீரில் கரைவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குளோரின் கரைவதைக் குறைக்க, அமிலத்தில் சமையல் உப்பைக் கரையும் வரை கரைத்தால் போதுமா? குழாய்களை மூடுமுன் எவ்வளவு நேரம் மின்சாரம் செலுத்திக் கரைசலைக் குளோரினால் நிறைவுறச் செய்கிறீர்கள்? அமிலம் ரொம்ப நீர்த்திருந்தால் ஆக்சிஜனும் கலந்துவிடும், அப்படியானால் எந்தச் செறிவு சரி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் வகுப்பு.