மறு: ‘ரூவாக்’ – ஆவியா, உயிர்வளியா, வளியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை முழுவதையும் இப்போதுதான் படித்து முடித்தேன். எபிரேய வேத (பழைய ஏற்பாட்டு) ஆய்வுச் சொற்பட்டியலில், காற்று, மூச்சு, ஆவி எல்லாவற்றையும் குறிக்கும் ‘ரூவாக்’ என்ற எபிரேயச் சொல்லுக்குத் தமிழில் எதைப் போடுவது என்பதில் மூன்று கட்சிகள் தெரிகின்றன.

> ஆவி என்றே இருக்கட்டும். எல்லோருக்கும் பழகிய சொல்.

பழகியதுதான் சிக்கல். ஆவி நல்ல சொல். இட்லி வேகும் ஆவியும் கொட்டாவியில் உள்ள ஆவியும் மூச்சுக்கும் காற்றுக்கும் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஆனால் வேதம் என்று வந்துவிட்டால் படிக்கிறவர் மனம் நேரே பரிசுத்த ஆவிக்கோ பேய்க்கோ போய்விடுகிறது. காற்று வீசுவது காதில் விழுவதே இல்லை.

யாத்திராகமம் 14:21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் பலத்த கீழ்க்காற்று அடித்துக் கடல் விலகுகிறது. அங்கே உள்ளது ரூவாக். அடுத்த அதிகாரத்தில் அதே நிகழ்ச்சியைப் பாட்டாகப் பாடும்போது, ‘உமது நாசியின் சுவாசத்தினால் ஜலம் குவிந்து நின்றது’ (15:8). அங்கேயும் ரூவாக். இரண்டு வசனம் தள்ளி, கடல் எகிப்தியரை மூடும் இடத்தில், ‘உம்முடைய காற்றை’ என்று வருகிறது. மறுபடியும் ரூவாக். உரைநடையில் வானிலையாக இருந்தது பாட்டில் கடவுளின் மூக்கிலிருந்து வருகிறது. எபிரேயத்தில் கேட்டவருக்கு இது ஒரே சொல்லின் விளையாட்டு. தமிழில் சுவாசம், காற்று என்று இரண்டு பொருள்களாகி முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது.

சங்கீதம் 104இல் இன்னும் பளிச்சென்று தெரியும். 29ஆம் வசனத்தில் உயிர்களின் ‘சுவாசத்தை’ வாங்கிக்கொள்கிறார், அவை மாள்கின்றன. 30இல் தம்முடைய ‘ஆவியை’ அனுப்புகிறார், அவை சிருஷ்டிக்கப்படுகின்றன. இரண்டும் ரூவாக். வாங்கியதும் கொடுப்பதும் ஒன்று என்பதுதான் அந்தப் பாட்டின் உயிர்நாடி. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. வழிபாட்டில் வாசிக்கிற நூலுக்கு அவர்கள் பார்க்க வேண்டியது வேறு. நாம் போடுவது ஆய்வுக்கான பட்டியல்.

> உயிர்வளி அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் ஆக்சிஜனுக்கு அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எசேக்கியேல் 37இல் உலர்ந்த எலும்புகளுக்குள் உயிர்வளி புகுந்தது என்று எழுதினால் மருத்துவமனை உருளைதான் நினைவுக்கு வரும். உயிர்ப்பு என்று இன்னொருவர் சொன்னதும் அப்படியே. பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்ற பழைய வழக்கை நினைத்தால் பொருத்தம்தான், ஆனால் கத்தோலிக்கத் தமிழில் உயிர்ப்பு என்றால் ஈஸ்டர்.

ஒலிபெயர்த்துவிட்டுப் போகலாம் என்பவர்களுக்கு: ‘ரூவாக்’ என்று தமிழெழுத்தில் போட்டால் அது ஒரு முத்திரை, அவ்வளவுதான். அடைப்புக்குறியில் இருக்கட்டும்.

என் பரிந்துரை வெறும் வளி. ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று தொல்காப்பியம் பேச்சு பிறப்பதைச் சொல்லும்போது வளி உடம்புக்குள் எழும் மூச்சு. ‘வளிவழங்கு மல்லல்மா ஞாலம்’ என்ற குறளில் அது உலகெங்கும் வீசும் காற்று. மருந்து அதிகாரத்தின் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்பதில் வளி உடம்பின் வாதம். வெளியிலும் உள்ளிலும் ஒரே சொல்லைப் புழங்கியிருக்கிறோம். எபிரேயம் செய்வதும் இதைத்தான். அரபியில் ரூஹ் உயிராகவும் ரீஹ் காற்றாகவும் பிரிந்துவிட்டன. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலங்கைப் பாடநூல்களில் வளி மாசடைதல் என்று படித்த பிள்ளைகளுக்குச் சொல்லும் புதிதல்ல.

ஆதியாகமம் 1:2இன் ‘ரூவாக் எலோகீம்’ இறைவளி ஆகட்டும். பழைய திருப்புதலில் அங்கே ‘ஆவியானவர்... அசைவாடிக்கொண்டிருந்தார்’. மூலத்தில் வினை பெண்பால். உபாகமம் 32:11இல் கழுகு தன் குஞ்சுகள்மேல் சிறகசைப்பதற்கு வரும் அதே வினைதான். வீசும் காற்றா, மிதக்கும் இருப்பா என்ற சண்டை பழையது. ஒன்கெலோசின் தர்கும் (பழைய அரமேய மொழிபெயர்ப்பு) கடவுளிடமிருந்து வந்து வீசுகிற காற்றாகவே கொண்டது; இடைக்கால யூத உரையாசிரியர்களில் இப்னு எஸ்ராவும் காற்று என்றார்; ராஷி வேறு வழியில் போனார். இறைவளி என்றால் இந்தச் சண்டைக்குத் தமிழிலும் இடமிருக்கும். ஆவியானவர் என்றால் தீர்ப்பைச் சொல்லிவிட்டு வழக்கை விசாரிப்பது போல.

மண்ணால் செய்த மனிதன் மூக்கில் ஊதுவது (2:7) ரூவாக் அல்ல, ‘நெஷாமா’. அதற்கு மூச்சு போதும். ‘நெஃபெஷ்’ உயிர். இவற்றைக் கலக்காமல் இருந்தால் சரி.

---

ஐயா, வளிக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் 1 இராஜாக்கள் 22:21இல் ஒரு ரூவாக் புறப்பட்டு வந்து கர்த்தர் முன் நின்று, ‘நான் அவனுக்குப் போதனை செய்வேன்’ என்கிறது. வளி வந்து நின்று பேசுமா? அப்புறம் யாத்திராகமம் 6:9. அங்கே இஸ்ரவேலருக்கு ரூவாக் குறுகிவிட்டது, தமிழில் ‘மனமடிவு’. அதற்கும் வளியா?

---

பேசாது அம்மா. அந்த 22:21இல் வினை ஆண்பாலுக்கு மாறுவதையும் பாருங்கள், எழுதியவரே அதை ஓர் ஆளாகத்தான் நினைத்திருக்கிறார். அங்கே ஆவி சரி. சவுல் அரசனை அலைக்கழித்த ரூவாக்குக்கும் ஆவியே.

6:9க்கு வளி வேண்டாம், மனமும் வேண்டாம். செங்கல் சுமக்கிறவனுக்கு மூச்சு முட்டுகிறது, மோசே சொல்வது காதில் ஏறவில்லை. ‘மூச்சுக்குறுக்கம்’ என்று துணைப்பதிவு போடலாம். மருத்துவப் பட்டியலில் அது வேறெதற்காவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதிவின் வரைவு:

ரூவாக் – வளி (காற்று, மூச்சு, பெரும்பாலும் பெண்பால்). ரூவாக் எலோகீம் – இறைவளி. ஆளாக வந்து பேசும் இடங்களில் – ஆவி. மனநிலையைக் குறிக்கும் தொடர்கள் – தனித்தனியாக.