பாத்ரூமில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, ஆசிட் ஊற்றலாமா?

வேளச்சேரிவாசி:
நண்பர்களே, இரண்டாவது மாடி பிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஷவரைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே கணுக்கால் வரை தண்ணீர் தேங்கிவிடுகிறது, குளித்து முடித்து வெகு நேரம் கழித்துத்தான் மெல்ல இறங்குகிறது. முழு அடைப்பு இல்லை. போர்வெல் தண்ணீர், வீட்டில் இரண்டு பேருக்கு நீளமான முடி, வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியலும் சீயக்காயும் கட்டாயம். கடையில் கேட்டால் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் அடைப்பு எடுக்கும் பவுடரைப் போட்டு மேலே கொதிக்கிற தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். பக்கத்து பிளாட்டில் அடிக்கடி ஆசிட் ஊற்றி, கடைசியில் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் இறங்கி, டைல்ஸை உடைக்கும் வரை போய்விட்டது. எங்கள் குழாய் எல்லாம் பிவிசி. அதற்கு ஒன்றும் ஆகாமல் எப்படிச் சரிசெய்வது?

பைப்லைன்:
எதையும் ஊற்றாதீர்கள், முதலில் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை மூடியிருக்கும் ஜாலியைத் திறந்து பாருங்கள். நான் பார்த்த வரை மெதுவாக இறங்கும் பாத்ரூம்களில் பெரும்பாலானவற்றில் அடைப்பு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஜாலியைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் பூசியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், டைல்ஸ் ஓரம் பெயர்ந்துவிடும். பழைய பிளேடால் சுற்றிலும் கீறிவிட்டுத் தூக்குங்கள். உள்ளே நஹானி ட்ராப் (கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் கிண்ணி மாதிரியான பாகம்) இருக்கும், சிலவற்றில் ஒரு கிண்ணம் கவிழ்ந்தபடி உட்கார்ந்திருக்கும், திருகினால் அல்லது இழுத்தால் கையோடு வந்துவிடும். அதைச் சுற்றித்தான் முடி சுருண்டு கிடக்கும், சீயக்காய்த் தூளும் எண்ணெயும் சோப்பும் சேர்ந்து அதைச் சாம்பல் நிறக் கயிறு மாதிரி திரித்து வைத்திருக்கும். கையுறை போட்டு எடுத்துவிடுங்கள். இன்னும் உள்ளே இருந்தால் ஹேங்கர் கம்பியின் நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்து விட்டு, குத்தாமல் சுழற்றி மேலே இழுங்கள். குத்தினால் முடி ட்ராப்பைத் தாண்டி எல்போவில் (குழாய் வளைவில்) போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் வேலை பெரிசாகிவிடும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ரப்பர் பம்ப். ஒரு விஷயம், பல வீடுகளில் வாஷ்பேசின் தண்ணீரும் இதே ட்ராப்பில்தான் வந்து சேரும். பேசின் ஓட்டையையும் அதன் மேல்பக்கம் இருக்கிற சின்ன ஓட்டையையும் ஈரத்துணியால் இறுக்கி அடைக்காமல் பம்ப் அடித்தால் காற்றெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், எவ்வளவு அடித்தாலும் பலன் இருக்காது.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
பக்கத்து பிளாட் கதையைக் கேட்டதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிவிசி குழாயைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அது அரிப்பது டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டையும் ட்ராப்பைச் சுற்றிய பூச்சையும்தான், ஸ்டீல் ஜாலியையும் கறுக்க வைத்துவிடும். இடுக்கு திறந்துகொண்டால் குளிக்கிற தண்ணீர் குழாய்க்குள் போகாமல் டைல்ஸுக்கு அடியில் இறங்கும், அங்கிருந்து கீழ்வீட்டு சீலிங். இத்தனை செய்தும் முடி கரையாது.

முடியைக் கரைப்பது காஸ்டிக் சோடா, கடையில் விற்கும் பவுடர் பெரும்பாலும் அதுதான். தண்ணீர் பட்டாலே அது கொதிக்கிற மாதிரி சூடாகும், சில பவுடர்களில் அலுமினியத் துகளும் கலந்திருப்பதால் சூடு இன்னும் ஏறும், ஹைட்ரஜன் வாயுவும் வரும். பிவிசி 80 டிகிரியை நெருங்கினாலே இளக ஆரம்பிக்கும், இதில் கொதிநீரையும் ஊற்றினால் ஒட்டிய ஜாயின்ட் என்ன ஆகும்? கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சமையல் சோடாவும் வினிகரும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும், நுரை வருமே தவிர முடி அசையாது.

தயவுசெய்து ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே குழாயில் ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், ஜன்னல் இல்லாத பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே யாராவது ஏதாவது ஊற்றியிருந்தால் பம்பும் அடிக்காதீர்கள், கண்ணில் தெறிக்கும்.

அம்பத்தூர் மாடிவீடு:
கிச்சன் சிங்க், இன்னொரு பாத்ரூம் இரண்டிலும் தண்ணீர் சரியாகப் போகிறதா சார்? எல்லாமே மெதுவாக இருந்தாலோ, கீழ்வீட்டிலும் இதே புகார் இருந்தாலோ அடைப்பு உங்கள் வீட்டில் இல்லை, ஷாஃப்ட்டில் (குழாய்கள் இறங்கும் சந்தில்) இருக்கும் பொதுக் குழாயிலோ கீழே சேம்பரிலோ (கழிவுநீர்த் தொட்டியிலோ) இருக்கும். அசோசியேஷனிடம் சொல்லுங்கள். ஆள் வந்தால் மூங்கில் பத்தையோ இரும்புக் கம்பியோ விட்டு இடிக்க விடாதீர்கள், டைல்ஸுக்கு அடியில் எல்போ விரிசல் விட்டால் வெளியே தெரியவே தெரியாது. குழாய்க்குள் வளைந்து போய் அடைப்பை எடுக்கும் சுருள் ஸ்பிரிங் இருக்கிறதா என்று கேட்டுக் கூப்பிடுங்கள்.

வேளச்சேரிவாசி:
எல்லோருக்கும் நன்றி. மற்ற இடங்களில் சரியாகத்தான் போகிறது. ஜாலியைத் திறந்து கிண்ணத்தைக் கழற்றினேன், பைப்லைன் சொன்ன மாதிரியே கை நிறைய முடி வந்தது, இப்போது ஷவர் ஓடும்போதே தண்ணீர் இறங்கிவிடுகிறது. ஆனால் நேற்று ராத்திரியிலிருந்து சாக்கடை வாடை, ஒரு கரப்பான் பூச்சியும் வந்தது. ஏதாவது உடைந்திருக்குமா?

பைப்லைன்:
கிண்ணத்தைத் திரும்ப மாட்டினீர்களா? அதைச் சுற்றித் தேங்கும் தண்ணீர்தான் வாடையையும் பூச்சியையும் தடுக்கிறது. தேய்த்துக் கழுவி, சரியாக அழுத்தி உட்கார வைத்து, ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். ஜாலிக்கு மேல் முடி பிடிக்கும் வலை ஒன்று போட்டுவிடுங்கள், வெள்ளிக்கிழமை குளியல் முடிந்ததும் அதை எடுத்துக் குப்பையில் தட்டினால் போதும். நாளைக்கும் வாடை இருந்தால் டார்ச் அடித்து உள்ளே ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.